கட்டிச் சவர்க்காரமும் போத்தல் சவர்க்காரமும்

நாற்பது வருடங்களுக்கும் மேலாக அரசியலையும் போரையும் சமாதானப் பேச்சுவார்த்தைகளையும் பற்றி எழுதிக் காலம் கழித்த ஒருவன் சவர்க்காரத்தைப் பற்றி எழுதப் புறப்படுவது சில வாசகர்களுக்கு வேடிக்கையாக இருக்கக்கூடும். இருக்கட்டும். ஓய்வுபெற்ற பத்திரிகையாளன் பக்க ஒதுக்கீட்டைப் பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை. செய்தி ஆசிரியரின் சிவப்புப் பேனாவுக்கு அஞ்சவேண்டியதுமில்லை. வீட்டில் பாவிப்பதற்கு உகந்தது கட்டிச் சவர்க்காரமா அல்லது போத்தலில் வரும் திரவச் சவர்க்காரமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் பல மாதங்களாக நிகழ்ச்சிநிரலின் முதலாவது விடயமாக இருந்துவருகிறது. ஒரு செய்தியை எழுதுவதற்கு முன்னர் விசாரிப்பதைப் போன்று அதைப் பற்றியும் சற்று விசாரித்துப் பார்த்தேன்.

வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில் நானும் மனைவியும் எனது மூத்த சகோதரியும் வாழ்கிறோம். அக்காவுக்கு 83 வயது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். சென்ற வருட இறுதியில் ரொறன்ரோவில் இருந்து விடுமுறைக்கு வந்த எமது மகள், சாப்பாட்டறையின் கைகழுவும் தொட்டியில் ஈரமாகக் கிடந்த சவர்க்காரக் கட்டியைக் கண்டு திகைத்துவிட்டாள். "அப்பா, வாற போற எல்லாரும் இந்த ஒண்டிலயோ கை கழுவுறியள்?" என்று கேட்டவள், அன்று மாலையே காலி வீதியிலுள்ள கடையொன்றில் அழுத்திப் பாவிக்கும் போத்தல்கள் மூன்றை வாங்கிவந்து தொட்டிக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று வைத்தாள். கட்டி குப்பைக்கூடைக்குப் போனது. மறுநாள் காலையில் அக்கா அலுமாரியைத் திறந்து புதிய கட்டியொன்றை எடுத்து, உறையைக் கவனமாகப் பிரித்து, போத்தலுக்குப் பக்கத்திலேயே வைத்தார். ஒன்றும் பேசவில்லை. மகள் திரும்பிப் போகும்வரை போத்தலும் கட்டியும் இரண்டு நாடுகளின் கொடிகளைப் போன்று அந்தத் தொட்டியில் அருகருகே இருந்தன.

அக்காவின் பிடிவாதத்தை முதுமையின் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. அவரது கட்டிலுக்குக் கீழே பழைய சூட்கேஸ் ஒன்று இருக்கிறது. அதற்குள் சேலைகளுக்கு இடையில் சவர்க்காரக் கட்டிகள் எப்போதும் அடுக்கப்பட்டிருக்கும். பத்துக்குக் குறைவதில்லை. சேலைக்கு வாசம் பிடிக்கவென்று அவர் சொல்வார். வாசத்துக்கு இரண்டு கட்டிகள் போதும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதையடுத்து வடக்கிற்குக் கொண்டுசெல்லப்படும் பொருட்கள் மீது அரசாங்கம் கட்டுப்பாடுகளை விதித்தது. எரிபொருள், பற்றறி, சீமெந்து, உரம் என்று நீண்டுசென்ற அந்தப் பட்டியலைக் கொழும்பில் இருந்து நாங்கள் செய்தியாக எழுதினோம். அக்கா அதற்குள் வாழ்ந்தார். சவர்க்காரம் எளிதில் கிடைக்காத பொருளாயிற்று. கிடைத்த ஒரு சன்லைட் கட்டியைத் தையல் நூலால் நான்காக அறுத்து, ஒரு துண்டை ஒரு கிழமைக்கு என்று வைத்துக்கொண்டார்கள். கத்தியால் வெட்டினால் தூள் சிந்தி வீணாகிப் போகும் என்பதற்காகத்தான் நூல். உடுப்புத் தோய்ப்பதற்குச் சவர்க்காரத்தைச் செலவழிக்க எவருக்கும் மனம் வரவில்லை. பனம்பழம் விழும் காலத்தில் அதன் களியைப் பிழிந்து அந்த நீரில் தோய்த்தார்கள். போரின் நடுவில் யாரோ கண்டுபிடித்த புதுமையல்ல அது. பாட்டிமார் அறிந்திருந்து, பிறகு கடைச் சவர்க்காரம் மலிந்ததும் மறந்துபோன ஒன்று. பனங்களியில் சப்போனின் வகையைச் சேர்ந்த, நுரைக்கும் இயல்புள்ள பொருட்கள் இருக்கின்றன. பிளபெலிபெரின் என்ற பெயரில் அவற்றை இலங்கை ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துமிருக்கிறார்கள். ஆனால், தோய்த்த சேலையில் பனம்பழ வாசம் போகாது. கொடியில் காயப்போட்டால் மாடுகள் வந்து சப்பிவிடும். பாடசாலைக்கு உடுத்துப்போகவேண்டிய சேலையின் முந்தானையைப் பசுவொன்றின் வாயிலிருந்து இழுத்தெடுத்த கதையை அக்கா இப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தவர் பலரிடம் இப்படியொரு மாட்டுக்கதை இருக்கிறது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது அக்காவும் அந்தச் சனத்திரளில் ஒருவராக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். அவரது பையில் இருந்தவை காணி உறுதி, சேவைக்கால ஆவணங்கள், பெற்றோரின் படம், இரண்டு மாற்றுச் சேலைகள், பொலித்தீனில் சுற்றிய அரைக்கட்டிச் சவர்க்காரம். பாடசாலை வகுப்பறையொன்றில் நான்கு குடும்பங்களுடன் தங்கியிருந்தபோது அந்த அரைக்கட்டி எத்தனை நாட்கள் நின்றுபிடித்தது என்பதை அவர் இன்றும் நாள்கணக்குத் தவறாமல் சொல்கிறார். போத்தலில் இருப்பதை நூலால் அறுத்துப் பங்கிட முடியாது. பையில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தால் அது சேலையில் ஊற்றுண்டு போகும். இந்த நியாயங்களை அவர் என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, நான்தான் சொல்கிறேன்.

இனி விசாரித்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் சவர்க்காரம் என்று சொல்வதைத் தமிழகத்தவர் சோப்பு என்பர். சிங்களவர் சபன் என்பர். பிந்தியது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். எங்களுடைய சொல்லில் காரம் இருக்கிறது, அது பொருத்தமானதும்கூட. எண்ணெயை அல்லது கொழுப்பைக் காரத்துடன் சேர்த்துத் தாக்கமுற வைத்தால் கிடைப்பதுதான் சவர்க்காரம். சோடியம் ஐதரொட்சைட்டைப் பாவித்தால் இறுகிக் கட்டியாகும். பொற்றாசியம் ஐதரொட்சைட்டைப் பாவித்தால் இளகிய நிலையில் இருக்கும். ஆகவே கட்டியும் திரவமும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று எண்ணத் தோன்றும். அது அரைவாசி உண்மைதான். இன்று கடைகளில் போத்தலில் விற்கப்படுவதில் பெரும்பாலானது சவர்க்காரமே அல்ல. சோடியம் லோரெத் சல்பேற்று போன்ற செயற்கைத் துப்புரவுப் பொருட்களை நீரில் கலந்து, உப்பிட்டுத் தடிப்பாக்கி, நிறமும் வாசனையும் சேர்த்தது. போத்தலின் பின்புறத்தில் எறும்பு எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் பட்டியலில் முதலாவதாக இருப்பது தண்ணீர். தண்ணீருக்குக் காசு கொடுப்பதைப் பற்றி மனைவி தெரிவித்த கருத்தை இங்கே எழுதவில்லை.

இந்த வேறுபாட்டில் ஒரு நன்மையும் உண்டு. அதை உப்புக் கிணற்று ஊரில் பிறந்தவர்கள்தான் சரியாகப் புரிந்துகொள்வார்கள். நானும் அக்காவும் பிறந்தது தீவகத்தில். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் சவர். குடிப்பதற்கு நல்ல தண்ணீரை நெடுந்தூரம் நடந்து அள்ளிவரவேண்டும். குடாநாட்டின் உட்பகுதிகளிலும் சுண்ணக்கல்லுக்குள் ஊறி வரும் தண்ணீர் உப்பில்லாவிட்டாலும் வன்மையானது. அதிலுள்ள கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்துடன் சேர்ந்து திரைந்த பால் போன்ற வெள்ளைப் படிவை உண்டாக்கும். நுரை வராது, தலைமயிர் சடையாகும். வாளியின் உட்புறத்தில் சாம்பல் வளையமொன்று படியும். எண்ணெய் தேய்த்து முழுகும் நாட்களில் அம்மா கடைச் சவர்க்காரத்தைத் தொடாமல் இலுப்பை அரப்பையும் எலுமிச்சம்புளியையும் எடுத்ததற்குப் பழக்கம் மாத்திரம் காரணமல்ல. அந்தத் தண்ணீருக்கு அதுதான் சரிவந்தது. செயற்கைத் துப்புரவுப் பொருட்களோ வன்னீரிலும் நுரைப்பவை. எனவே யாழ்ப்பாணத்தில் கிணற்று நீரில் குளிப்பவர்களுக்குப் போத்தல் சார்பாக ஒரு வலுவான வாதம் உண்டு. களனி ஆற்றில் இருந்து அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டோ, லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தோ குழாய்நீர் வரும் கொழும்பில் அந்த வாதம் செல்லாது. இங்கே எந்தக் கட்டியும் தாராளமாக நுரைக்கும். சவர்த் தண்ணீரில் வளர்ந்த அக்கா கொழும்புக்கு வந்த புதிதில், சவர்க்காரம் உடம்பை விட்டுப் போகவில்லையே என்று மேலும் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது நினைவுக்கு வருகிறது.

திரவச் சவர்க்காரம் புதிய கண்டுபிடிப்பல்ல. நியூயோர்க்கைச் சேர்ந்த வில்லியம் ஷெப்பர்ட் என்பவர் 1865இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். சன்லைட் கட்டியே 1884இல்தான் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. லீவர் பிறதர்ஸ் இலங்கையில் கம்பனியாகியது 1938இல். எமது நாட்டவரின் சுவதேசி நிறுவனம் தொடங்கியது 1941இல். அதன் வேம்புச் சவர்க்காரமும் ராணி சந்தனச் சவர்க்காரமும் எங்கள் தலைமுறையின் குளியலறைகளில் நீங்காத இடம்பிடித்தவை. ஆனால், அழுத்தியவுடன் சவர்க்காரம் உள்ளங்கையில் விழும் போத்தல் வீடுகளுக்குள் நுழைந்தது 1980இல், அமெரிக்காவின் மின்னெடொங்கா என்ற சிறிய கம்பனி சொவ்ற்சோப் என்ற பெயரில் அதை நாடு முழுவதும் அறிமுகம் செய்தபோதுதான். அதன் அதிபர் ரொபேர்ட் ரெய்லர் செய்த காரியம் வியாபாரப் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. பெரிய கம்பனிகள் தனது யோசனையைப் பறித்துவிடும் என்று அஞ்சிய அவர், அழுத்தும் மூடிகளைத் தயாரிக்கக்கூடிய தொழிற்சாலைகளிடம் சுமார் பத்துக் கோடி மூடிகளுக்கு முன்கூட்டியே கட்டளையிட்டுவிட்டார். போட்டியாளர்களிடம் சவர்க்காரம் இருந்தது, மூடி இருக்கவில்லை. 1987இல் அந்த வியாபாரத்தைக் கொல்கேற் பாமோலிவ் வாங்கிக்கொண்டது. நாங்கள் போத்தலுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இன்றும் அந்த மூடிக்குத்தான் போகிறது.

மகளின் பிரதான குற்றச்சாட்டு கிருமி. பலபேர் தொட்ட கட்டியில் பற்றீரியாக்கள் இருக்குமா என்றால், இருக்கும். அவை அடுத்தவர் கைக்குத் தொற்றுமா என்பதே கேள்வி. 1988இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் சவர்க்காரக் கட்டிகளில் வேண்டுமென்றே கிருமிகளைப் பூசி, 16 பேரைக் கைகழுவச் செய்திருக்கிறார்கள். எவருடைய கையிலும் அக்கிருமிகள் கண்டறியக்கூடிய அளவுக்கு வந்துசேரவில்லை. ஆய்வைச் செய்தவர்கள் சவர்க்காரம் தயாரிக்கும் கம்பனியைச் சேர்ந்தவர்கள் என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. அறிக்கையொன்று கைக்கு வந்தால் முதலில் அதை யார் எழுதினார்கள் என்று பார்ப்பது தொழில் பழக்கம். ஆனால், அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு நிலையமும் கைகழுவக் கட்டியோ திரவமோ எதுவும் போதும் என்றுதான் சொல்கிறது.

மறுபக்கத்தில் போத்தல் குற்றமற்றதா? 2011இல் வெளியான இரண்டு ஆய்வுகள் என்னைச் சற்று யோசிக்க வைத்தன. பொது இடங்களில் திரும்பத் திரும்ப ஊற்றி நிரப்பப்படும் சவர்க்காரக் கலன்களைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ நான்கில் ஒன்று பற்றீரியாக்களால் மாசடைந்திருந்தது. பாடசாலையொன்றில் அவ்வாறு மாசடைந்த கலன்களில் கைகழுவிய பிள்ளைகளினதும் ஊழியர்களினதும் கைகளில் ஒருவகைப் பற்றீரியாக்கள் கழுவுவதற்கு முன்னர் இருந்ததை விடவும் 26 மடங்கு பெருகியிருந்தன. இந்த இரண்டாவது ஆய்விலும், மூடி முத்திரையிட்ட பொதிகளை விற்கும் கம்பனியொன்றின் ஆய்வாளர்கள் பங்குகொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனாலும், ஊற்றி நிரப்புவதுதான் எங்கள் நாட்டு வழக்கம். போத்தல் முடிந்ததும் எவரும் எறிவதில்லை. பொலித்தீன் உறையில் வாங்கி, பழையதைக் கழுவாமலே அதன்மேல் ஊற்றுகிறோம். கடைசியில் எஞ்சியதில் தண்ணீர் விட்டுக் குலுக்கி மேலும் நான்கு நாட்கள் ஓட்டுகிறோம். தண்ணீர் விடும்போது கிருமியைத் தடுக்கும் பாதுகாப்புப் பொருளும் ஐதாகிவிடுகிறது. அக்காவின் கட்டிக்குப் பயந்து வாங்கிய போத்தல் உண்மையில் அக்காவின் கட்டியைவிட மோசமானதாக மாறக்கூடிய இடம் இதுதான்.

கிருமிகொல்லி என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர்களுக்கு ஒரு தகவல். ரைகுளோசான் உட்பட 19 இரசாயனங்களை நுகர்வோர் சவர்க்காரங்களில் இருந்து நீக்குமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 செப்ரெம்பரில் உத்தரவிட்டது. சாதாரண சவர்க்காரத்தை விடவும் அவை மேலானவை என்பதைக் கம்பனிகளால் நிரூபிக்க முடியவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

கைகழுவுதல் என்றதும் எனக்கு வைத்தியசாலையை விட ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கூடந்தான் நினைவுக்கு வருகிறது. நான் பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்தபோது அச்சுக்கோப்பாளர்கள் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி வரிகளைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னர் அவர்கள் முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைப்பார்கள். பிறகு குழாயடியில் கம்பியில் கோத்துத் தொங்கவிடப்பட்டிருக்கும் சவர்க்காரத் துண்டால் தேய்ப்பார்கள். நகக்கண்களில் கறுப்பு அப்படியே இருக்கும். மூன்று தடவைகள் கழுவிய பின்னரும் சோற்றுப் பார்சலைப் பிரிக்குமுன் விரல்களை முகர்ந்து பார்க்கும் ஒருவர் இருந்தார். அந்தக் கைகளில் இருந்தது ஈயம் என்பதையும், அது உடம்பில் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதையும் அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு கட்டிக்குப் பத்துப் பேர்.

கொவிட் காலத்தில் 2020இல் ஒவ்வொரு கடைவாசலிலும் காலால் மிதித்தால் தண்ணீர் வரும் தொட்டியும் போத்தலும் வந்துசேர்ந்தன. வெளியாருக்குப் போத்தல் நாகரிகமானது என்ற எண்ணம் எங்கள் வீடுகளில் உறுதியாகியதும் அப்போதுதான். அதில் ஒரு நியாயம் உண்டு. விருந்தாளி வந்தால் புதிய துவாயும் உறை பிரிக்காத சவர்க்காரமும் கொடுப்பது எங்களவர் மரபு. ஒருவர் பாவித்த கட்டியை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. கிருமிக்காக அல்லாவிட்டாலும் மரியாதைக்காகப் போத்தல் கூடத்தில் இருக்கலாம். இதை அக்காவே ஒப்புக்கொண்டார். "உதை வெளியில வை தம்பி, வாற சனத்துக்கு. எனக்கு என்ரை கட்டி காணும்" என்றார்.

செலவுக் கணக்கு வேறு. சூரிச்சில் உள்ள சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு தடவை கைகழுவக் கட்டியில் 0.35 கிராம் செலவாகிறது, திரவத்தில் 2.3 கிராம். அதாவது கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அந்தக் கணக்கில் 100 கிராம் கட்டியொன்றில் ஏறத்தாழ 285 தடவைகள் கழுவலாம். 250 கிராம் திரவத்தில் 108 தடவைகள்தான். மூலப்பொருளுக்குச் செலவாகும் சக்தி திரவத்துக்கு ஐந்து மடங்கு என்றும் பொதிக்கு இருபது மடங்கு என்றும் அதே ஆய்வு கூறுகிறது. கட்டியைப் பாவிப்பவர்கள் கூடுதல் வெந்நீரைச் செலவழிக்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட ஒரு பாதகமான அம்சம். நாங்கள் பச்சைத்தண்ணீரில் கைகழுவுகிறவர்கள்; அது எங்களுக்குப் பொருந்தாது. 2022இல் இரண்டு மாதங்களுக்கு உள்ளாகவே டொலரின் பெறுமதி 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை ஏறியபோது சவர்க்காரத்தின் விலையும் கூடவே ஏறியது. அப்போது எங்கள் தொடர்மாடியில் பல வீடுகளில் போத்தல் மறைந்து கட்டி திரும்பி வந்தது. தேய்ந்து வில்லையாகிப்போன பழைய துண்டைப் புதிய கட்டியின் முதுகில் ஒட்டிவைக்கும் வித்தையை, அதுவரை அறிந்திராத இளம் பெண்கள் அக்காவிடம் கேட்டுப் பழகினார்கள். ஈரமாக இருக்கும்போது அழுத்தி ஓர் இரவு காயவிடவேண்டும், அவ்வளவுதான்.

இந்தளவில் கட்டி வென்றுவிட்டது என்று முடித்திருக்கலாம். ஆனால், பிரச்சினை அக்காவின் கால்களில் வந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு, மீன்செதில் போன்று வெடித்து, இரவெல்லாம் சொறிந்து புண்ணாகிவிட்டது. நித்திரையில்லை. நீரிழிவும் இருப்பதால் காலில் புண் என்பது எங்களுக்குப் பயத்தைத் தந்தது. தோல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் அழைத்துச்சென்றோம். அவர் கேட்ட முதல் கேள்வியே என்ன சவர்க்காரம் பாவிக்கிறீர்கள் என்பதுதான். அக்கா, உடுப்புத் தோய்க்கும் கட்டியாலேயே சில நாட்களில் குளிப்பதையும் மறைக்காமல் சொன்னார். மருத்துவர் கோபிக்கவில்லை. மனிதத் தோல் இயல்பில் சிறிது அமிலத்தன்மை உள்ளது. அதன் பிஎச் பெறுமானம் ஐந்தையொட்டி இருக்கும். சவர்க்காரத்தினுடையது ஒன்பதுக்கும் பத்துக்கும் இடைப்பட்டது. இளம் தோல் அதைத் தாங்கிச் சில மணித்தியாலங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எண்ணெய்ச் சுரப்பிகள் ஓய்ந்துபோன எண்பது வயதுத் தோலுக்கு அந்த வலு இல்லை என்று விளக்கினார். அக்குள், கவட்டுப்பகுதி, பாதம் ஆகியவற்றுக்கு மாத்திரம் சவர்க்காரம் போதும். மற்ற இடங்களுக்குத் தண்ணீரே போதும். குளித்துத் துவட்டியதும் ஈரம் முற்றாகக் காய்வதற்குள் களிம்பு பூசவேண்டும் என்றார்.

அப்படியானால் திரவமா நல்லது என்று கேட்டேன். வடிவத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே இருப்பதைப் பாருங்கள் என்றார் அவர். திரவங்களிலும் தோலை உரிப்பவை உண்டு. கட்டியாக இருந்தாலும் சவர்க்காரம் அல்லாதவை உண்டு. 1957இல் அமெரிக்காவில் டவ் என்ற பெயரில் வந்த கட்டி அத்தகையது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் இருந்து பெறப்படும் செயற்கைத் துப்புரவுப் பொருளைக் கட்டியாக்கியது. அதனால் காரத்தன்மை இல்லை. இன்று அந்த வகையில் பல பெயர்களில் கட்டிகள் கிடைக்கின்றன. மாதக்கணக்காக நாங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்ததில் இந்த மூன்றாவது வகைக்கு இடமே இருக்கவில்லை. உருவத்தில் அக்காவின் கட்சி, உள்ளடக்கத்தில் மகளின் கட்சி.

அதிலும் ஒரு சிக்கல். மகள் ரொறன்ரோவில் இருந்து அனுப்பிய பொதியில் அவ்வாறான கட்டிகள் ஆறு வந்தன. உறையிலுள்ள பட்டியலை வாசித்தபோது சோடியம் ரலோவேற் என்ற பெயர் கண்ணில் பட்டது. அது மாட்டுக்கொழுப்பில் இருந்து பெறப்படுவது. அக்கா நாள்தவறாமல் திருநீறு அணிபவர். வாழ்நாள் முழுவதும் மச்சம் தொடாதவர். சொல்லாமல் கொடுத்துவிடலாம், அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று மனைவி ஒரு கணம் சொல்லிவிட்டு, "வேண்டாம், மச்சாளுக்கு நாங்கள் அப்பிடிச் செய்யக்கூடாது" என்று தானே மறுத்துவிட்டார். அந்த ஆறு கட்டிகளும் தொடர்மாடியின் காவலாளிக்குப் போய்ச்சேர்ந்தன, உள்ளதைச் சொல்லித்தான். கொழும்பில் தேடி, முழுவதும் தாவரக் கொழுப்பில் தயாரிக்கப்பட்டதை வாங்கினோம். சைவ வீடுகளில் உள்ளவர்கள் உறைகளைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. பாமேற் என்றிருந்தால் பாமெண்ணெய். கொக்கோவேற் என்றிருந்தால் தேங்காய் எண்ணெய். ரலோவேற் என்றிருந்தால் விலங்குக் கொழுப்பு.

அக்கா புதிய கட்டியை ஒரு கிழமை பாவித்துவிட்டு, "கழுவின மாதிரியே இல்லை, வழுவழு எண்டு கிடக்கு" என்றார். தோல் கிறீச்சிடும் வரை தேய்த்தால்தான் சுத்தம் என்ற பயிற்சி எழுபது வருடங்களுக்கும் மேற்பட்டது. ஆனால், மூன்றாவது கிழமையில் இரவுச் சொறிவு குறைந்தது. புண்கள் ஆறத்தொடங்கின. அதற்குப் பிறகு அவர் முறையிடவில்லை.

கட்டியின் இன்னொரு அபாயம் வழுக்குவது. ஈரக் கையில் இருந்து நழுவி நிலத்தில் விழுந்த கட்டியைக் குனிந்து எடுக்க முனையும் வயோதிபருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அது எங்கே கொண்டுபோய்விடும் என்று எங்கள் வயதில் உள்ளவர்களுக்குச் சொல்லத்தேவையில்லை. போத்தலுக்குச் சார்பாக நான் காணும் மிகப் பலமான வாதம் இதுதான். சுவரில் பொருத்தினால் குனியவே தேவையில்லை. ஆனால், மூட்டுவாதம் உள்ள விரல்களால் அந்த மூடியை அழுத்துவதும் கடினம். அக்காவால் இரண்டு கைகளாலும்தான் அழுத்த முடிகிறது. பிறகு விழுவதை ஏந்துவதற்கு மூன்றாவது கை வேண்டும். சின்ன வெங்காயம் வரும் வலைப்பையை நன்றாகக் கழுவி, அதற்குள் கட்டியை இட்டு, இருக்கையில் அமர்ந்தபடியே கையெட்டும் உயரத்தில் குழாயில் தொங்கவிட்டேன். நுரையும் நன்றாக வருகிறது. தண்ணீர் வடிந்து கட்டியும் காய்ந்து கிடக்கிறது. அச்சுக்கூடத்துக் குழாயடிக் கம்பியில் கண்ட யோசனை அது. வயோதிபர்கள் உள்ள வீடுகளில் இதைச் செய்துபார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து சதம் செலவில்லை.

இப்போதைய ஏற்பாடு இவ்வாறு இருக்கிறது. கூடத்தில் வருவோருக்குப் போத்தல். அது முடிந்தால் வெந்நீரில் கழுவி, பல்கனியில் கவிழ்த்துக் காயவிட்ட பின்னரே மீண்டும் நிரப்புவது என் பொறுப்பு. தண்ணீர் விட்டுக் குலுக்குவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. சமையலறையில் கட்டி, துளையிட்ட தட்டில். எனக்கும் மனைவிக்கும் வழமையான வேம்புச் சவர்க்காரம். அக்காவுக்கு வலைப்பையில் அவருடையது.

கட்டிலுக்குக் கீழேயுள்ள சூட்கேஸை எவரும் தொடவில்லை. சென்ற மாதம் விலைக்கழிவு போட்டிருந்தார்கள் என்று மனைவி உடுப்புத் தோய்க்கும் கட்டிகள் நான்கு வாங்கிவந்து மேசையில் வைத்தார். மாலையில் பார்த்தபோது இரண்டுதான் இருந்தன.